தொடாமல் சொன்ன ‘கோ’

மறுபடியும் விசில்.

தல்லாகுளம் பக்கத்து மைதானம். நாலு மணி வெயில். நடுக்கோட்டில் குந்தியிருக்கிறேன்; முழங்காலில் புழுதி, வாயிலும் புழுதி. எதிரே, ஓடிவந்த வேகத்தில் அப்படியே நின்றுபோன செல்வராணி நடுவரைப் பார்க்கிறாள். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்துகிறார்.

“ஏம்மா, தொட்டுச் சொல்லும்மா! தொடாமச் சொன்னா அது கோ இல்லம்மா!”

பாவம், அவர் தொண்டையே கட்டிப்போயிருந்தது. அன்றைக்கு அந்த ஒரே பவுலுக்கு எத்தனை முறை ஊதினார் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அழுதிருப்பேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் கடைசி வருஷம், கோ-கோ அணிக்குக் கேப்டன். போன வாரம், அரை டவுசர் போட்டு ஓடியதற்காக எங்கள் வீட்டில் நடந்த கூத்தை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் போனில் கூப்பிட்டார். “எது எப்படியோ, விளையாட்டுல மட்டும்தாங்க எல்லாரும் சமம்” என்றார். அவருக்காகத்தான் இந்த வாரம்.

இருப்பது ஒரே விதி

கோ-கோ பார்த்திராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நடுக்கோட்டில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருப்போம். ஒருத்தி கிழக்கே பார்த்தால் அடுத்தவள் மேற்கே பார்ப்பாள். ஒன்பதாவது ஆள் எதிரணிக்காரியைத் துரத்துவாள். இரு முனையிலும் நட்ட கம்பத்தைச் சுற்றினால் ஒழிய அவளால் நடுக்கோட்டைத் தாண்ட முடியாது. எதிரணிக்காரி அந்தப் பக்கம் பூந்துவிட்டால், உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகில் தட்டி, ‘கோ’ என்று கத்த வேண்டும். தட்டு வாங்கியவள் எழுந்து ஓட, தட்டியவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

முதுகில் கை பட வேண்டும். படாமல் வெறும் வாயால் சொன்னால் பவுல். விசில் விழுந்தால் வந்த திசைக்கு நேர் எதிரே திரும்பிப் போக வேண்டும். அதற்குள் எதிரணிக்காரி சாவகாசமாக மூச்சு வாங்கி, தலைமுடியைக்கூட முடிந்துகொள்வாள். பச்சைக் குழந்தைக்கும் புரிகிற விதி.

செல்வராணி இரண்டாம் வருஷம். பேரையூருக்கு அந்தப் பக்கம், கரிசலும் கருவேலமுமாகக் கிடக்கும் ஓர் ஊரிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வருவாள். எங்கள் அணியில் மட்டுமில்லை, அந்த வருஷம் நான் பார்த்த எந்த அணியிலும் அவளைப் போல ஓடுகிற ஒருத்தி இல்லை. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்துவிட்டால் அந்தச் சான்றிதழை வைத்துப் போலீஸ் வேலைக்கு எழுதிப்போடலாம் என்பது அவள் கணக்கு. அதற்கு, கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தில் ஆள் எடுப்பவர்கள் கண்ணில் அவள் பட்டாக வேண்டும். அவர்கள் வந்து உட்காருவது அன்றைக்குத்தான்.

அப்படிப்பட்டவள், நாங்கள் அரையிறுதியில் திக்கித் திணறிய அன்று, தொடாமல் தொடாமல் ‘கோ’ சொல்லிக்கொண்டிருந்தாள். நாக்குத் தள்ளித்தான் ஜெயித்தோம்.

ஒரே ஒரு முதுகு

முதலில் பயம் என்று நினைத்தேன். அப்புறம் கண்ணில் கோளாறோ என்றுகூட நினைத்தேன். மறுநாள் பயிற்சியில் வேலை மெனக்கெட்டு அவளையே கவனித்தேன்.

என் முதுகில் தட்டினாள். தட்டு என்றால் சாதாரணத் தட்டு இல்லை, ராத்திரி மல்லாந்து படுக்க முடியாது. மற்றவர்களுக்கும் அதே பூசைதான். ஆனால் கவிதாவின் முதுகுக்கு வந்ததும் அவள் கை ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி நின்றது.

கவிதாவும் இரண்டாம் வருஷம்தான்; ஆடும் ஒன்பது பேருக்குள் அப்போதுதான் வந்திருந்தாள். அதே ஊர், அதே பஸ். இவள் மேலத்தெரு, தோட்டம் துரவு உள்ள வீடு. செல்வராணி காலனி. ஒரு வருஷத்துக்கு மேலாக இரண்டு பேரும் எங்களோடு இருக்கிறார்கள், இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றியதில்லை.

எங்கள் அம்மாவாக இருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள். நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள். வீட்டில் பேசுவது வேறு மொழி என்றாலும் மதுரைக்காரர்களின் இந்த வித்தை எங்களுக்கும் வந்துவிட்டது. மதுரையில் யாரும் யாரையும் என்ன சாதி என்று கேட்க மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம். எந்த ஊர் என்று கேட்பார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். மூன்றாவதாக, பட்டும் படாமலும், “அந்த ஊர்ல எந்தப் பக்கம்?” என்பார்கள். அதோடு முடிந்தது. அதற்கப்புறம் காபி எந்த டம்ளரில் வரும் என்பது அடுப்படியில் முடிவாகிவிடும். என் தோழிகள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் இந்தக் கேள்விகள் வரிசையாக வரும். கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழாயடியில் செல்வராணியைப் பிடித்தேன்.

“ஏண்டி, கவிதாகிட்ட வந்தா மட்டும் ஒன் கை ஏன் நிக்குது?”

“நிக்கலயேக்கா.”

“அப்ப நடுவரு என்ன பொழுதுபோகாம விசில் ஊதுறாரா?”

முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“அவுக தோட்டத்துலதேன் எங்க அப்பா, அம்மா ரெண்டு பேத்துக்கும் வேலக்கா. லீவு விட்டா நானும் போவேன். மம்பட்டியக் குடுன்னு கேட்டாலும் கீழ வச்சுட்டு நாங்க நகந்துக்கணும், அவுக எடுத்துக்குவாக. சின்னப்புள்ளையில இருந்து அதே பழக்கம். கை தானா நின்னுருது.”

“இது அவுக தோட்டமாடி?”

“எனக்குத் தெரியுதுக்கா. கைக்குத் தெரிய மாட்டேங்குது.”

நேராகக் கவிதாவிடம் போனேன். அவள் மரத்தடியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் என்னைக்காச்சும் என்னயத் தொடாதன்னு சொல்லிருக்கேனா? நீங்களே கேளுங்கக்கா அவகிட்ட” என்றாள்.

“சரி. தொடுன்னு சொல்லிருக்கியா?”

“அத எதுக்கு நாஞ் சொல்லணும்?”

தலையில் அடித்துக்கொண்டேன். கெட்ட பெண் இல்லை அவள். சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் செல்வராணிக்கு இடம் போட்டு வைப்பாள். எந்த இடம் வரைக்கும்? பேரையூர் வரைக்கும். பேரையூரில் ஏறும் இரண்டாவது பஸ்ஸில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். அதில் இவள் முன்னால், அவள் பின்னால். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாகவே தெரியவில்லை.

ஆளுக்கொரு யோசனை

விஷயம் எங்கள் பி.டி. மேடம் காதுக்குப் போனது. மேடம் நல்லவர்தான். ஆனால் எதையும் பூசி மெழுகியே ஓய்வு பெறுவது என்ற தீர்மானத்தோடு இருந்தவர்.

“சரளா, ரெண்டு பேரையும் ஆளுக்கொரு ஓரத்துல உக்கார வச்சுரு. செல்வராணி அந்தக் கடைசி, கவிதா இந்தக் கடைசி” என்றார்.

“மேடம், இது பஸ் ரிசர்வேஷனா? ஓடுறவ எங்க ஓடுறாளோ அங்கதான மேடம் துரத்துறவளும் போகணும்?”

விளையாட்டுக் குழுவில் இருந்த ஒரு பொருளாதாரப் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, “இதுல என்னம்மா பிரச்சினை? நடுவுல பனியன் இருக்கே? பனியன் மேல பட்டா அது தொட்டதாகாதுன்னு அந்த ஊர்க்காரங்ககிட்ட எடுத்துச் சொல்லலாம்” என்றார். சிரிக்காமல் சொன்னார். எனக்குச் சிரிப்பதா, அங்கேயே உட்கார்ந்து அழுவதா என்று தெரியவில்லை.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தென் மாவட்டங்களில், பஸ்ஸில் எழுதியிருந்த தலைவர் பெயருக்காகவே கல் பறந்த காலம் அது. அதற்கு அரசாங்கம் கண்ட தீர்வு, எல்லா பஸ்ஸிலும் பெயரையே அழித்துவிடுவது. பெயர் போனதும் நோய் போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதியாக டிக்கெட் வாங்கினார்கள். அரசாங்கமே அப்படி இருக்கும்போது பி.டி. மேடம் என்ன செய்வார், பாவம்.

கடைசியாக மேடம் ஒரு முடிவுக்கு வந்தார். இறுதி ஆட்டத்தில் செல்வராணி வேண்டாம்.

“அவளுக்கும் அதுதான் நல்லது சரளா. நாளைக்கு ஊர்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“அப்ப கவிதாவ உக்கார வைங்களேன் மேடம்.”

“அவ அப்பா ஊர்ல பெரிய மனுஷர்மா. பிரச்சினை ஆயிரும்.”

பாருங்கள் நியாயத்தை. தொட வராதவளும் அவளே, வெளியே உட்கார வேண்டியவளும் அவளே, அதனால் நன்மை அடையப் போகிறவளும் அவளே.

“செல்வராணி இல்லேன்னா நானும் இல்ல மேடம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மனித உரிமைக்காகப் பொங்கி எழுந்தேன் என்று இப்போது எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அன்றைக்குக் கோப்பை வேண்டும். அவள் இல்லாமல் கோப்பை வராது. அம்புட்டுத்தேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்த மேடம், ஓரத்துக்கு ஓரம் உட்கார வைக்கும் தன் திட்டத்தோடு செல்வராணியையும் சேர்த்துக்கொண்டார்.

எதிரணிக்கும் தெரிந்துவிட்டது

இறுதி ஆட்டம் அதே மைதானம். அதே நடுவர். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

முதல் பாதியில் எப்படியோ ஒப்பேற்றினோம். இரண்டாவது பாதியில்தான் மாட்டிக்கொண்டோம். எதிரணியில் ஒரு நெட்டை இருந்தாள், நல்ல ஆட்டக்காரி. அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அரையிறுதியில் வெளியே நின்று எங்களை நன்றாகக் கவனித்திருக்கிறாள். செல்வராணி துரத்த எழுந்தால் போதும், நேரே கவிதா உட்கார்ந்திருக்கும் ஓரத்துக்கு வந்து, அங்கே நட்டிருந்த கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஆட்டம் காட்டினாள். அங்கே ‘கோ’ விழாது என்று அவளுக்குத் தெரியும். செல்வராணியின் ஊர்க் கட்டுப்பாடு அவளுக்கு நிழற்குடை ஆகிவிட்டது.

ஒரு விசில். இன்னொரு விசில்.

கோட்டோரம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கவிதாவின் அண்ணன். கூடவே ஊர்க்காரர் இரண்டு பேர். தங்கை ஆடுவதைப் பார்க்க ஆசையாகத்தான் வந்திருந்தார். “விடாத கவிதா! அமுக்கு!” என்று கைதட்டிக் கத்தினார். அவர் வந்ததும் செல்வராணியின் கை ஒரு விரற்கடையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனது. மறுபடி விசில்.

“ஏம்மா!” என்றார் நடுவர்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரில் தொட்டால் குற்றம், அதற்கு ஊரே கூடும். இந்த மைதானத்தில் தொடாவிட்டால் குற்றம், அதற்கு இந்த ஒரு மனிதர் மட்டும் தொண்டை வறள ஊதிக்கொண்டிருக்கிறார். எண்பதடிக்கு மேலே போகாத இந்தக் கோட்டுக்குள்ளாவது ஒரு கை ஒரு முதுகில் பட்டால் வானம் இடிந்தா விழும்?

ஆட்டம் முடியச் சொற்ப நேரம்தான். நெட்டை மறுபடி கம்பத்தைச் சுற்றி அந்தப் பக்கம் பூந்தாள். கவிதா கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த கட்டத்தில் நான் மேற்கே பார்த்து. அதனால் எங்கள் இரண்டு பேரில் செல்வராணி ஓடிவருவதை நேருக்கு நேர் பார்த்தவள் நான் ஒருத்திதான். கை நீண்டது. நின்றது.

“தொடுடி!” என்று கத்தினேன்.

எனக்குப் பக்கத்திலிருந்து, திரும்பாமல், தலையைக்கூட அசைக்காமல், இன்னொரு குரல் கத்தியது.

“அடிடி செல்வி!”

பளார் என்று ஒரு சத்தம். கோட்டோரத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். ‘கோ’ என்ற கத்தல் அதற்குள் அமுங்கிப்போனது. கவிதா சிலிர்த்துக்கொண்டு எழுந்து பாய்ந்தாள். இந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள் என்று நம்பி நின்ற நெட்டை, நின்ற இடத்திலேயே பிடிபட்டாள். கவிதா விட்டுப்போன கட்டத்தில் செல்வராணி உட்கார்ந்தாள். மேல்மூச்சு வாங்கியது. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயித்தோம். கோப்பையைத் தூக்கிக்கொண்டு கத்தினோம். கோட்டோரத்தில் மோட்டார் சைக்கிள் இல்லை.

“கவிதா சொன்னதும்தான் உனக்குத் தைரியம் வந்துச்சா?” என்று செல்வராணியைக் கேட்டேன்.

“அவ சொன்னது என் காதுலயே விழுகலக்கா. நடுவரு திரும்பவும் விசில வாயில வச்சாரு. அதப் பாத்ததும் எரிச்சல் வந்துருச்சு. எத்தன தடவதேன் நானே பவுல் வாங்குறது?”

பட்டதும் பட்ட பிறகும்

பல்கலைக்கழக அணிக்கு இரண்டு பேரையுமே எடுத்தார்கள். கதையை இங்கே முடித்தால் போனில் கூப்பிட்ட வாசகருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்த வாரமே செல்வராணியின் அப்பாவுக்குத் தோட்டத்திலிருந்து சொல்லி விட்டார்கள். “ஒம் மகளுக்குத்தேன் கை நீண்டுருச்சே, இனிமே அவளே ஒங்களுக்குக் கஞ்சி ஊத்தட்டும்.” அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் வேலை போனது. அப்பா அவனியாபுரம் பக்கம் கட்டட வேலைக்கு வந்தார். சிமெண்டுச் சாந்து சுமந்தே பழக்கமில்லாத மனிதர், தோள் புண்ணாகிப் போயிற்று. கல்லூரியில் போய்ச் சொன்னேன். “அது அவங்க ஊர் விவகாரம்மா” என்றார்கள். காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். “யாரு மேல என்னன்னு எழுதிக் குடுக்குறதுக்கா? வேலைக்கு வராதன்னாக. அம்புட்டுத்தேன சொன்னாக?” என்றாள் செல்வராணி. அதுவும் உண்மைதான். அவர்கள் என்றைக்குமே பவுல் விழுகிற மாதிரி ஆடுவதில்லை.

அடுத்த போகத்துக்கு ஆள் கிடைக்காமல் தோட்டத்திலிருந்து அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. அவருக்கும் சலித்துப்போயிருந்தது.

செல்வராணி போலீஸில் சேர்ந்தாள். கவிதா கல்யாணமாகித் திருமங்கலம் போனாள். இரண்டு பேரையும் ஒன்றாக நான் மறுபடி பார்த்தது, பல வருஷம் கழித்து, கல்லூரியில் பழைய மாணவிகள் கூட்டத்தில். மூன்று பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். கவிதா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“அந்தக் கோடையில எங்க வீட்ல நடந்த கூத்து ஒங்களுக்குத் தெரியாதுல்ல? பல்கலைக்கழகப் பயிற்சி முடிஞ்சு வீட்டுக்குப் போனா, வாசல்லயே நிறுத்தி, கொல்லப்பக்கமா வரச் சொல்லி, தலைக்கு ஊத்திட்டுத்தேன் உள்ள விடுவாக எங்க அம்மா. தெனமும்! நம்ம ஊர்ல அப்பத் தண்ணிக்கு எம்புட்டுக் கஷ்டம்! தொட்டியே காஞ்சு போச்சு. குடிக்கிறதுக்கே ரெண்டு நாளைக்கு ஒருக்கத்தேன் லாரி வரும். கடைசியில அம்மா சலிச்சுப்போயி, ‘அப்படியே உள்ள போய்த் தொல’ன்னுட்டாக.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டம் போட்டும் போகாத ஒன்று, லாரி வராததால் போயிருக்கிறது. எங்கே போய் முட்டிக்கொள்வது?

செல்வராணி சிரிக்கவில்லை. அவளுக்கு இது இப்போதுதான் தெரியும்.

“அம்புட்டு நாளும் நான் தொட்டதக் கழுவிட்டுத்தேன் சாப்ட ஒக்காந்தியா?” என்றாள்.

கவிதாவின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோனது.

“மழை பெஞ்சு தொட்டி நெறஞ்ச பெறகு?” என்று கேட்டாள் செல்வராணி. விசாரணை செய்து பழகிய குரல்.

“ஊத்தச் சொன்னாக.” கவிதா குனிந்துகொண்டாள். “நான் ஊத்தல. இனிமே ஊத்த மாட்டேன்னு சொல்லிட்டேன். மூணு நாள் எங்க அண்ணன் பேசல.”

“அத ஏண்டி எங்கிட்ட அப்பவே சொல்லல?”

“சொல்லணும்னுதேன் நெனச்சேன்” என்றாள் கவிதா.

“நீ எதையுமே நேரத்துக்குச் சொன்னதில்லடி” என்று சொல்லிவிட்டுச் செல்வராணி எழுந்தாள். கவிதாவின் பின்பக்கமாக நடந்து, காபி கொடுக்கும் இடத்துக்குப் போனாள். அப்படியே கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தாள். ஒன்றை எனக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

இன்னொன்றை மேசையில் வைக்கவில்லை. கவிதா நிமிர்ந்து பார்த்துக் கையில் வாங்குகிற வரைக்கும், சூடு சுடச்சுட, நீட்டிய கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.